வாகாடு கடற்கரையில் தனியாகப் பாய்மரப் படகு: கரையில் நிற்க ஓர் ஆள் தேடிப் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது படகில் போன கதை அல்ல, படகில் போவதற்காக பஸ்ஸில் போன கதை. சித்தூரில் உட்கார்ந்துகொண்டு கடல் பயணம் எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் புகுந்த வீட்டில் போன தீபாவளியிலிருந்தே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கடைசி ஆள்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் சுகுணா. வயது நாற்பத்து நான்கு. நகரி பக்கம் பிறந்து, சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்பு சில வருடங்கள் சென்னையில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போய் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினேன். பதினான்கு அடி நீளம், ஒற்றைப் பாய். அது பழவேற்காட்டில் அதே தோழியின் கொட்டகையில் கிடக்கிறது. ஏரியில் தனியாகவும், கடலில் துணையோடும் நிறைய ஓட்டியிருக்கிறேன். கடலில் தனியாக இதுவரை ஓட்டியதில்லை.

இந்த வருடம் ஓட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். எங்கே, எப்போது என்பதற்கு அதிகம் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. மே மாதம் மாங்காய் வரத்துத் தொடங்கினால் ஜூலை முடியும்வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. ஏப்ரல் நடுவிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஆபத்துக்கு உதவக் கடலில் படகுகள் குறைவு. ஆகஸ்ட், செப்டம்பரில் அலை அடங்காது, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, புயல், வடகிழக்குக் காற்று. ஆக, சமையலுக்கு மிஞ்சிய காய்கறி மாதிரி எனக்கென்று மிச்சமிருப்பவை பிப்ரவரியும் மார்ச்சும்தான். மார்ச்சில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். அதனால் தெற்கே கிளம்பி வடக்கே போவது நல்லது. ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய கடல் தடை செய்யப்பட்ட பகுதி. அந்தப் பக்கம் நமக்கு வேலையே இல்லை. அதற்கு வடக்கே, வாகாடு மண்டலத்தில் இருக்கும் தூபிலிபாளையம் கடற்கரைக்குப் படகை வண்டியில் கொண்டுபோய், அங்கே தொடங்கி, கிருஷ்ணபட்டினம் துறைமுகத்துக்குச் சற்று முன்பே முடித்துக்கொள்வது என்று திட்டம்.

கூட்டிப் பார்த்தால் முப்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? புத்தலப்பட்டு போய்த் திரும்புகிற தூரம்தானே?" என்று என் மைத்துனர் கேட்டார். தூரம் அவ்வளவுதான். ஆனால் புத்தலப்பட்டு ரோட்டில் டயர் வெடித்தால் ஓரமாக நிறுத்தலாம். இந்தக் கரையில் ஓரமே கிடையாது. வளைவு இல்லை, பாறை மறைவு இல்லை, சின்னத் துறைமுகம்கூட இல்லை. நேர்கோடு போட்டது போல மணல், அதன்மேல் நேராக வந்து உடையும் அலை. சின்னப் படகுக்கு ஆபத்து நடுக்கடலில் இல்லை, கரையேறும்போதுதான். காலையில் தரைக்காற்று லேசாக இருக்கும். பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று எழுந்தால் கரையோர அலை பெரிதாகிவிடும். அதனால் விடியும்போது கிளம்பி, பதினோரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும். ஒரே நாளில் முடிப்பதற்குப் பதிலாக இரண்டு காலைகள், நடுவில் ஓர் இரவு ஆற்று முகத்துவாரத்தில் என்று பிரித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் வீட்டில் விளக்கியபோது என் வீட்டுக்காரர் முனிரத்தினம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சித்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். நீச்சல் தெரியாது. திருமலை மலைப்பாதையில் பஸ் இரண்டு வளைவு திரும்பினாலே எலுமிச்சம்பழம் கேட்கிற ஆள். கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காணிப்பாக்கம் போலாம் வா" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் வாய்க்கால் சண்டையானாலும், பாகப்பிரிவினையானாலும், புருஷன் குடியை விடுவதானாலும், கடைசியில் வந்து நிற்கிற இடம் காணிப்பாக்கம். அங்கே வரசித்தி விநாயகர் முன்னால் செய்த சத்தியத்தை மீற எங்கள் ஆட்களுக்குத் துணிச்சல் வராது. சித்தூரிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் படகுப் பயணத்துக்காக அங்கே சத்தியம் செய்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான் என்று நினைக்கிறேன். குளத்தில் காலை நனைத்துக்கொண்டு அவர் நிபந்தனையைச் சொன்னார்.

"போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா கெளம்புற எடம், நடுவுல தங்குற எடம், போய்ச் சேர்ற எடம், மூணுலயும் உன்னப் பாத்துக்கினு நிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஆளு வாயத் தொறந்து சரின்னு சொல்லணும். ஒரு எடத்துல ஆளு இல்லன்னாலும் போவக் கூடாது. சத்தியம் பண்ணு."

மூன்று 'சரி'தானே, ஒரு பகலில் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியம் செய்தேன். வெளியே வந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். அவர் முகத்தில் அன்று இருந்த நிம்மதியை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். ஆந்திராவில் இப்போது பெண்களுக்கு சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸிலும் டிக்கெட் காசு இல்லை, ஆதார் அட்டையைக் காட்டினால் போதும். திருப்பதி வரை சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு நாயுடுபேட்டை பஸ். திருச்சானூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் சுவர்ணமுகி ஆற்றைப் பார்ப்பது என் வழக்கம். ஆறு என்று பெயர்ப்பலகை சொல்லும். கண்ணுக்குத் தெரிவது மணலும் முட்புதரும், அதில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும்தான். இதே ஆறுதான் காளஹஸ்தி தாண்டிப் போய் வாகாடு, கோட்டா பக்கம் கடலில் சேர்கிறது. நான் இரவு தங்கத் திட்டமிட்டிருந்தது இதன் முகத்துவாரத்தில்தான்.

நாயுடுபேட்டையில் இறங்கி வாகாடு பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கடற்கரை வரை தனியாகப் போக இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார், இருநூறுக்குப் படிந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஒக்கரே வச்சாரா மேடம்?" என்றார். தனியாகவா வந்தீர்கள் என்று. ஆமாம் என்றேன். எதற்கு என்றார். படகில் போக இடம் பார்க்க என்றேன். அதற்கும் ஒக்கரேவா என்றார். ஆமாம் என்றதும் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

தூபிலிபாளையம் கடற்கரை அழகாக இருந்தது. சவுக்குத் தோப்பு, அகலமான மணல், வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டமில்லை. அலைகளுக்கு நடுவிலான இடைவெளியை எண்ணிப் பார்த்தேன். காலை நேரத்தில் படகை இறக்க முடியும் என்று தோன்றியது. பஜ்ஜிக்கடை வைத்திருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி, "நான் கிளம்பும்போது பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு ஒரு போன் செய்ய முடியுமா?" என்று கேட்டேன். "சூஸ்குந்தாம் மேடம்" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கான தெலுங்கு. சரியென்று அர்த்தமா என்று அழுத்திக் கேட்டேன். "சரி மேடம், சரி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மிளகாயை மாவில் முக்கினார். ஒன்று முடிந்தது என்று மிளகாய் பஜ்ஜியோடு கொண்டாடினேன். தட்டு முப்பது ரூபாய். காரம் அதிகம்.

அடுத்தது முகத்துவாரம். வேறொரு ஆட்டோ பிடித்துச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கரையோரமாகச் சாலை கிடையாது. போனில் இருந்த வரைபடத்தில் ஆறு அழகாக விரிந்து கடலில் கலந்தது. உள்ளே நுழைந்தால் அலையே இல்லாத நீரில் படகைக் கட்டிவிட்டுத் தூங்கலாம் என்று ஆறு மாதமாகக் கற்பனை. போய்ப் பார்த்தால், வாயை மணல் மூடியிருந்தது. ஒரு பக்கம் தேங்கிய ஆற்று நீர், மறுபக்கம் கடல், நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் படம் மழைக்காலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். மழையில் வெள்ளம் வந்தால் வாய் திறக்கும், அப்போது கடலில் போக முடியாது. கடல் அடங்கும்போது வாய் மூடிக்கொள்ளும். திருச்சானூரில் பிறவி முழுக்க மணலாகப் பார்த்த ஆறு கடலுக்கு வந்ததும் மட்டும் திருந்திவிடும் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஏமாற்றம்தான். ஆனால் திட்டம் செத்துவிடவில்லை. மணல்மேட்டின் வடக்கு ஓரத்தில் அலை கொஞ்சம் தணிந்து உடைந்தது. அங்கே கரையேறி, படகை உருளைகள் வைத்து மேட்டுக்கு மறுபக்கம் இழுத்துவிடலாம். பக்கத்தில் இறால் குஞ்சு வளர்க்கும் பண்ணை ஒன்று இருந்தது. காவலாளி ஒடிசாக்காரர், சிரித்த முகம். என் தெலுங்கும் அவர் தெலுங்கும் சேர்ந்து ஒரு முழுத் தெலுங்கு ஆனது. "நோ ப்ராப்ளம் மேடம், நேனு உன்னானு" என்றார். நான் இருக்கிறேன் என்று. இரண்டாவதும் முடிந்தது. அன்று இரவு கூடூரில் அறை எடுத்தேன். எண்ணூறு ரூபாய், வெந்நீர் வாளியில் தருவார்கள். வீட்டுக்குப் போன் செய்து, "ரெண்டு ஆள் கிடைச்சாச்சு" என்றேன். "ஓஹோ" என்றார் முனிரத்தினம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மூன்றாவது இடம். துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அங்கே வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, எங்கள் நகரி மாதிரியே. நான் போனபோது படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. அலை ஓய்ந்த நொடியைப் பார்த்து, மோட்டாரை விரட்டி, மணலில் ஏற்றிவிடுகிறார்கள். கரையில் பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும், ஏலத்தில் குரல் கொடுத்தபடியே என்னைக் கவனித்துவிட்டாள். பெயர் தேசம்மா. புருஷனும் மைத்துனரும் கடலுக்குப் போகிறார்கள், மீனை விற்பது இவள்.

ஏலம் முடியும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். கூடையில் கவலை மீனை அள்ளிப் போட்டபடி கேட்டாள்.

"எந்த மாசம்க்கா?"

"மார்ச்."

"எந்தக் கெழமை?"

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"எத்தினி மணிக்குக் கரைக்கு வருவீங்க?"

"பதினோரு மணிக்குள்ள."

"வரலன்னா?"

"வந்துடுவேன். நல்லா ஓட்டுவேன்."

"அது சரிக்கா. வரலன்னா?"

பஜ்ஜிக்கடைக்காரரும் காவலாளியும் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தேசம்மா கூடையை நிமிர்த்திவைத்தாள். "எங்க ஊர்ல போட்டு கடல்ல எறங்குச்சுன்னா அந்த வூட்டு ஆளு ஒருத்தர் கரையில இருக்கணும். நேரத்துக்கு வரலன்னா அந்த ஆளுதான் வந்து சொல்லணும். சொல்லிட்டாங்கன்னு வச்சுக்கோங்க, ஊரே தேட எறங்கும். ஆளு கெடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொழிலுக்குப் போவ மாட்டாங்க, அடுப்பு எரியுதோ இல்லியோ. அத நான் எப்படிச் சொல்றது? நீங்க எனக்கு இன்னா ஒறவு?"

"உங்களுக்குத் தொந்தரவு வராதுங்க. சத்தியமாச் சொல்றேன், காணிப்பாக்கம் விநாயகர் மேல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாகச் சிரிக்கவில்லை, களைப்பாகச் சிரித்தாள். "உங்க ஊர்ல சாமி முன்னால சொன்னாப் போதும் போல. இங்க சொன்ன ஆளு கரையில நிக்கணும்க்கா. நான் மீனு வித்துக்கினு கோட்டா சந்தையில நிப்பேன். என்னால முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

டீ வாங்கித் தந்தாள். காசு கொடுக்க விடவில்லை. அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழி முழுக்க மனசு சரியில்லை. உண்மையைச் சொல்கிறேன், அழுகை வந்தது. ஆறு மாதத் திட்டம், இரண்டு வருடப் படகு. ஒரே ஒரு 'சரி'க்காகக் கவிழ்ந்துவிட்டது. காளஹஸ்தி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது முனிரத்தினத்தின் போன் வந்தது. "மூணாவது ஆளு?" என்றார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கிடைத்துவிட்டார் என்று. யாருக்குத் தெரியப்போகிறது? அவர் வந்து விசாரிக்கப்போகிறாரா? "வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். விநாயகருக்குப் பயந்தேனா, முனிரத்தினத்துக்குப் பயந்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

இரவு களியும் கீரைக்குழம்பும் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் இரண்டு 'சரி'யும் ஒப்புக்குச் சொன்னவை என்று எனக்கே தோன்றுவதையும், தேசம்மா முடியாது என்றதையும் மறைக்காமல் சொன்னேன். "அதனால போகல. சத்தியம் சத்தியம்தான்" என்றேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் போய் டிவி பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓர் ஆறுதல் வார்த்தை சொன்னால் வாயா தேய்ந்துவிடும்?

திங்கட்கிழமை சாயங்காலம், கடையைச் சாத்திவிட்டு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்.

"அந்தூர்ல காலைல டிபன் கெடைக்குமா?"

"எந்த ஊர்ல?"

"அந்தத் தேசம்மா ஊர்ல."

"டீ கிடைக்கும். எதுக்கு?"

"பதினோரு மணி வரைக்கும் வெறும் வயித்தோட எப்படி நிக்கிறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. கரையில் நிற்கத் தானே வருவதாகச் சொல்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, நேராகக் குளியலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தார். கரையில் இறங்கி அலையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "இதுலயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டார், ஆனால் தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நின்றார்.

தேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீச்சல் தெரியுமாண்ணே?"

"தெரியாதும்மா."

"நல்லதாப் போச்சு. பதட்டத்துல தண்ணிக்குள்ள ஓட மாட்டீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள். "அக்கா நேரத்துக்கு வரலன்னா இன்னா செய்வீங்க?"

என்னிடம் கேட்ட அதே கேள்வி. முனிரத்தினம் கடலைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் ஏற்கெனவே தனக்குள் பல தடவை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"நேரா வந்து உங்க வூட்டுக் கதவத் தட்டுவேன்."

"இன்னுங் கொஞ்சம் பாக்கலாம், இன்னுங் கொஞ்சம் பாக்கலாம்னு நின்னுக்கினே இருப்பீங்களா?"

"மாட்டேன். பதினொண்ணுன்னா பதினொண்ணு."

"அப்ப சரி. ஊர்ல பெரியவங்ககிட்ட நான் சொல்லி வெக்கிறேன்" என்றாள் தேசம்மா. நான் வாங்கிய 'சரி'களிலேயே இது ஒன்றுதான் எடையுள்ளது. கிழமையையும் அவளே சொன்னாள். மார்ச் மூன்றாவது வாரம், வியாழன், வெள்ளி. அந்த இரண்டு நாளும் அவள் சந்தைக்குப் போகாமல் ஊரில் இருப்பாளாம். கிளம்பும் இடத்திலும் முகத்துவாரத்திலும்கூட முனிரத்தினமே நிற்பதாக ஏற்பாடு. நான் கடல் வழி, அவர் ஸ்கூட்டரில் சாலை வழி.

இதுபோலத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிவதற்குள் போங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தடைக்காலம். கிளம்புவதற்கு முன் கடலோரக் காவல் நிலையத்தில் பெயர், படகின் நிறம், பாயின் நிறம், நாள் எல்லாம் எழுதிக் கொடுங்கள். ஸ்ரீஹரிகோட்டா பக்கமும் துறைமுகத்துக் கப்பல் பாதையும் வேண்டவே வேண்டாம். ஆற்று முகத்துவாரங்களைப் போனில் பார்த்து நம்பாதீர்கள், நீங்கள் போகும் மாதத்தில் நேரில் போய்ப் பாருங்கள். மிதவைச் சட்டையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், படகில் வைத்துக்கொண்டு போவதால் பயனில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் போன் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. தங்குவதற்குக் கூடூர் அல்லது நாயுடுபேட்டை. வாகாட்டிலிருந்து கடற்கரைக்கு மாலையில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்த டிரைவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் முறை எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. தமிழ் மட்டும் தெரிந்தவர்களும் சமாளித்துவிடலாம்.

தனியாகப் போவது என்றால் யாரும் இல்லாமல் போவது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். படகில் நான் தனியாகத்தான் இருப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நீங்கள் போகும் கரையில் உங்களுக்காகக் கதவைத் தட்ட ஒருவர் இல்லையென்றால், படகைக் கொட்டகையிலேயே விட்டுவையுங்கள். அந்த ஒருவரிடம் எதையும் மெருகேற்றிச் சொல்லாதீர்கள். அலை எவ்வளவு பெரியதோ அவ்வளவும் சொல்லுங்கள்.

இதை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, திருப்பதி தாண்டிய பிறகு, பஸ்ஸில் முனிரத்தினம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நான் அந்தக் கண்டிஷன் போட்டதே யாரும் ஒத்துக்க மாட்டாங்கன்னுதான். எவன் வந்து நிப்பான் உனக்கோசரம்?"

எனக்குக் கோபம் வந்தது. "அப்புறம் எதுக்கு நீங்களே நிக்கிறேன்னு வந்தீங்க?"

கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொம்பள முடியாதுன்னு சொன்னத நீ எங்கிட்ட மறைக்கல. மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. கடல்ல இன்னா ஆனாலும் நீ உள்ளதச் சொல்லுவ. அந்த தைரியத்துலதான் நிக்கிறேன்."